வெயிலைச் சேமித்துக் குடிநீர் ஆக்க முடியுமா?

தஞ்சோங் பகாரில் உள்ள பினக்கல்@டக்ஸ்டன் அடுக்குமாடிகளின் 50வது மாடிக்குப் போயிருக்கிறீர்களா? ஏழு புளோக்குகளையும் இணைக்கும் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் அவற்றுக்குப் பின்னால் கடலும் தெரியும். மறுபக்கம், கீழே, கடைவீடுகளின் சிவப்பு ஓட்டுக் கூரைகள். அந்தக் கூரைகள் உள்ள வட்டாரத்தின் ஒரு பகுதிக்குப் பெயர் கிரேத்தா ஆயர். மலாயில் அதற்குத் தண்ணீர் வண்டி என்று பொருள். குழாய்நீர் வருவதற்கு முன்பு ஆன் சியாங் குன்று, ஸ்பிரிங் ஸ்திரீட் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டிகளில் தண்ணீர் ஏற்றிச் சென்ற இடம் அது. வணிகர் டான் கிம் செங் 1857ஆம் ஆண்டில் 13,000 வெள்ளி கொடுத்து நகருக்குத் தண்ணீர்க் குழாய் போடச் சொன்னார். பணம் வந்த பிறகும் வேலை முடிய இருபது ஆண்டுகள் ஆயின.

இன்று அதே வட்டாரத்தில் குழாயைத் திறந்தால் வரும் நீரில் ஒரு பங்கு கடலிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். சிங்கப்பூரில் ஐந்து கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. முதலாவது 2005ல் துவாசில் திறக்கப்பட்டது. ஐந்தாவது 2022ல் ஜூரோங் தீவில் இயங்கத் தொடங்கியது. ஐந்தும் முழுவீச்சில் ஓடினால் நாளொன்றுக்கு 190 மில்லியன் கேலன் கிடைக்கும். நாட்டின் அன்றாடத் தேவை ஏறத்தாழ 440 மில்லியன் கேலன். 2065க்குள் அந்தத் தேவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் கணித்துள்ளது. ஜோகூரிலிருந்து நீர் பெறும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061ல் முடிகிறது. இன்று உயர்நிலை நான்கில் படிப்பவருக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும்.

தண்ணீர் விலை 2025 ஏப்ரல் முதல் கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசுக்கு உயர்ந்தபோது வீட்டில் பேச்சு எழுந்திருக்கும். விலை ஏறியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் எரிசக்திச் செலவும் ஒன்று. கடல்நீரிலிருந்து ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர், நன்னீர் எடுக்க ஏறத்தாழ 3.5 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. மரீனா ஈஸ்ட் ஆலையைப் போல 30 மில்லியன் கேலன் தரும் ஆலை ஒரு நாள் முழுக்கக் கடல்நீரிலேயே ஓடினால் கிட்டத்தட்ட 4,80,000 கிலோவாட் மணி வேண்டும். ஒரு வீவக வீடு நாளுக்கு 12 கிலோவாட் மணி பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், 40,000 வீடுகளுக்கான மின்சாரம் அது. நம் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கரிம வரியோ 2026ல் டன்னுக்கு 45 வெள்ளியாகிவிட்டது.

ஆகவே மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி நியாயமானதே. கடலும் பக்கத்தில் இருக்கிறது, வெயிலும் தலைக்குமேல் இருக்கிறது. வெயிலில் கடல்நீரை ஆவியாக்கி, ஆவியைக் குளிர வைத்தால் நன்னீர் கிடைக்கும். இது தொடக்கப்பள்ளிப் பாடம். இரவில் வெயில் இல்லாததுதான் குறை என்றால், பகல் வெப்பத்தை ஏதாவது ஒரு பொருளில் சேமித்து இரவிலும் ஆவியாக்கலாமே?

உலகெங்கும் ஆய்வாளர்கள் இதைத்தான் செய்து பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து மட்டுமே இதுபற்றி ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. மணல், கருங்கல், இரும்புத் துண்டுகள், பாரஃபின் மெழுகு, உப்புக் கலவைகள் எனச் சோதிக்காத பொருள் குறைவு. ஒவ்வொரு கட்டுரையும் விளைச்சல் கூடியது என்றே சொல்லும். அந்தக் கூடுதல் எதைவிடக் கூடுதல், எவ்வளவு கூடுதல் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கடினமான கணக்கல்ல. ஓ நிலை இயற்பியல் போதும்.

ஒரு சதுர மீட்டர் வெயில்

சிங்கப்பூரில் ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,580 கிலோவாட் மணி சூரிய ஆற்றல் விழுகிறது. நாளுக்கு 4.3 கிலோவாட் மணி. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க, அதாவது நீங்கள் வகுப்பில் ‘லேட்டண்ட் ஹீட்’ என்று படிக்கும் உள்ளுறை வெப்பத்தைக் கொடுக்க, சுமார் 2,400 கிலோஜூல், அல்லது 0.66 கிலோவாட் மணி வேண்டும். ஒரு துளி வெப்பமும் வீணாகாத அதிசயக் கருவி இருந்தால்கூட ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு ஆறரை லிட்டருக்கு மேல் கிடைக்காது.

நடைமுறையில் கறுப்புத் தொட்டி, அதன்மேல் சாய்வான கண்ணாடி என்று அமைத்த சாதாரண சூரிய வடிகலனில் பாதிக்கும் மேற்பட்ட வெப்பம் கண்ணாடி வழியாகவும் அடிப்பக்கமாகவும் வெளியேறிவிடும். தாராளமாகக் கணக்கிட்டால் 3 லிட்டர் மிஞ்சும்.

இப்போது அதே ஒரு சதுர மீட்டரில் சூரியத் தகடு ஒன்றை வையுங்கள். 20 விழுக்காட்டை மின்சாரமாக்கும் தகடு, வழியில் ஏற்படும் இழப்புகள் போக, நாளுக்கு ஏறத்தாழ 0.7 கிலோவாட் மணி தரும். அந்த மின்சாரத்தைக் கொண்டு, நம் ஆலைகளில் நடக்கும் எதிர் சவ்வூடுபரவல் முறையில், அதாவது ஆர்ஓ முறையில், கடல்நீரைச் சவ்வுக்குள் அழுத்தித் தள்ளினால் கிடைப்பது கிட்டத்தட்ட 200 லிட்டர்.

ஒரு பக்கம் 3, மறுபக்கம் 200. முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ ஒரு பூஜ்யத்தைத் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்தேன். தவறில்லை. ஆர்ஓ நீரை ஆவியாக்குவதே இல்லை. திரவமாகவே வைத்துக்கொண்டு உப்பை மட்டும் பின்னால் நிறுத்துகிறது. அதனால் அந்தப் பெரிய உள்ளுறை வெப்பச் செலவு அதற்குக் கிடையாது.

டக்ஸ்டனுக்கே பொருத்திப் பார்ப்போம். அங்கே 1,848 வீடுகள். வீட்டுக்கு மூவர் என்றால் சுமார் 5,500 பேர். ஆளுக்கு நாளுக்கு 142 லிட்டர் என்ற அண்மைய சராசரிப்படி அவர்களுக்குத் தேவை ஏறத்தாழ 7,80,000 லிட்டர். சூரிய வடிகலன்களால் இதை நிரப்ப 26 ஹெக்டர் வேண்டும். அந்த அடுக்குமாடிகள் நிற்கும் நிலமோ இரண்டரை ஹெக்டர்தான். சூரியத் தகடும் ஆர்ஓவும் என்றால் 3,900 சதுர மீட்டர் போதும். அதே பரப்பில் வடிகலன்களை வைத்தால் ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர் மட்டும் கிடைக்கும். குளிக்க, துவைக்க, சமைக்க எதுவும் மிஞ்சாது.

மெழுகு என்ன செய்யும்?

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு சேமிப்புப் பொருள்களுக்கு வருவோம். எந்தச் சேமிப்புப் பொருளும் புதிதாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பகலில் வந்ததை வாங்கி வைத்து இரவில் திருப்பித் தருகிறது, அதுவும் கொஞ்சம் கழித்துக்கொண்டு. 4.3 கிலோவாட் மணி என்ற வருமானம் அப்படியே இருக்கிறது. செலவு செய்யும் நேரம்தான் மாறுகிறது.

பாரஃபின் மெழுகை எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்தி செய்யப் பயன்படுவதுதான். 55 முதல் 60 டிகிரி செல்சியசில் உருகும் வகை எளிதில் கிடைக்கும். ஒரு கிலோ உருகும்போது சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். மாலையில் மீண்டும் உறையும்போது அதை வெளியே விடும். வடிகலனின் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ மெழுகை நிரப்பினால் 2,000 கிலோஜூல் சேரும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 2,400 வேண்டும் என்று பார்த்தோம். அதாவது 10 கிலோ மெழுகு இரவில் தரக்கூடிய கூடுதல் நீர், எதுவுமே வீணாகாவிட்டாலும், ஒரு லிட்டருக்கும் குறைவு. அந்த 2,000 கிலோஜூலும் பகல் உற்பத்தியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மறந்துவிடக்கூடாது.

பிறகு எப்படி விளைச்சல் கூடுகிறது? நண்பகலில் வடிகலன் கொதிக்கும்போது கண்ணாடியும் சூடாகிவிடுகிறது. சூடான கண்ணாடியில் ஆவி சரியாகப் படியாது. வெப்பம் வெளியே கொட்டுகிறது. மெழுகு அந்த உச்ச வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் இழப்பு குறைகிறது. இரவில் கண்ணாடி குளிர்ந்திருக்கும். நீரோ மெழுகின் தயவில் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெப்பநிலை வேறுபாட்டில் ஆவி நன்றாகப் படிகிறது. லாபம் உண்மையானது. ஆனால் அது மூன்று லிட்டரை நான்காக்கும் லாபம்; இருநூறை எட்டிப் பிடிக்கும் லாபமல்ல.

இதில் சிங்கப்பூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ராஜஸ்தான் பாலைவனத்தில் மேகமில்லாத வானத்தின்கீழ் இரவில் கண்ணாடி சில்லென்று ஆகிவிடும். இங்கே இரவிலும் வெப்பநிலை அதிகம் இறங்குவதில்லை. காற்றில் ஈரம் வேறு. பகலில் மேகம் வந்து வந்து போகும். வடிகலன் 58 டிகிரியைத் தொடாத நாளில் மெழுகு உருகவே உருகாது. உருகாத மெழுகு வெறும் பாரம். அதனால் உருகும் வெப்பநிலை குறைவான பொருளைத் தேட வேண்டும். ஆனால் அது இரவில் தரும் வெப்பமும் அவ்வளவு மந்தமாகவே இருக்கும்.

மெழுகுக்கு இன்னொரு குறை, அது வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துகிறது. செம்போடு ஒப்பிட்டால் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அடியில் உள்ள மெழுகு உருகுவதற்குள் மாலை வந்துவிடும். கிராஃபைட், செம்பு ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு ஆகியவற்றின் நுண்துகள்களை மெழுகில் கலப்பதும், உலோகத் தகடுகளைச் செருகுவதும் இதற்காகத்தான். சோடியம் அசிட்டேட் போன்ற நீரேறிய உப்புகள் மெழுகைவிட அதிக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குளிர்நாடுகளில் கைகளைச் சூடாக்கும் சிறு பொட்டலங்களில் இருப்பது அதுதான். ஆனால் பலமுறை உருகி உறைந்தால் உப்பும் நீரும் பிரிந்துபோகின்றன, உலோகத்தையும் அரிக்கின்றன.

கருங்கல், மணல் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிலோ கருங்கல் சேமிக்கும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீர் சேமிப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். தொட்டியில் கல்லைப் போட்டதால் விளைச்சல் கூடியது என்றால், அது கல் வெப்பத்தைச் சேமித்ததால் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. கறுப்பு நிறம் வெயிலை நன்றாக உறிஞ்சியிருக்கலாம். கல்லின் சொரசொரப்பில் நீர் மெல்லிய படலமாகப் பரவி விரைவில் ஆவியாகியிருக்கலாம். இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டாத கட்டுரைகள் பல என்பது என் கருத்து.

வரலாற்றிலிருந்து ஒரு எண்ணையும் தருகிறேன். 1872ல் சிலி நாட்டின் லாஸ் சலினாஸ் சுரங்கத்தில் சார்ல்ஸ் வில்சன் என்ற பொறியாளர் உலகின் முதல் பெரிய சூரிய வடிகலன் ஆலையை அமைத்தார். மரமும் கண்ணாடியும் கொண்ட தொட்டிகள், மொத்தம் ஏறத்தாழ 4,700 சதுர மீட்டர். நல்ல வெயில் நாளில் 22,000 லிட்டருக்கும் மேல் தந்தது. சுரங்கத்தில் பாரம் இழுத்த கோவேறு கழுதைகளுக்கும் அதுதான் குடிநீர். சதுர மீட்டருக்கு நாலரை லிட்டருக்கு மேல். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒற்றைத் தொட்டி வடிகலன் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. அடியில் என்ன பொருளைப் போட்டாலும் உள்ளுறை வெப்பம் என்ற சுவர் நகரவில்லை.

சுவரைத் தாண்டும் வழி வேறு. ஆவி நீராகப் படியும்போது அந்த 2,400 கிலோஜூலையும் திருப்பித் தருகிறது. சாதாரண வடிகலன் அதைக் கண்ணாடி வழியே காற்றில் விட்டுவிடும். அதைப் பிடித்து அடுத்த அடுக்கில் உள்ள நீரை ஆவியாக்கினால், அதிலிருந்து அதற்கடுத்த அடுக்கு என்று ஒரே வெப்பத்தைப் பலமுறை பயன்படுத்தலாம். அமெரிக்காவின் எம்ஐடி, சீனாவின் ஷாங்ஹாய் ஜியாவ் தோங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் பத்து அடுக்குக் கருவி ஒன்றைக் காட்டினார்கள். முழு வெயிலில் சதுர மீட்டருக்கு மணிக்கு 5.78 லிட்டர். ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிடுவதால் அதன் செயல்திறன் 385 விழுக்காடு என்று வந்தது. ஆற்றல் அழியாமை விதி எங்கும் மீறப்படவில்லை. சேமிப்புப் பொருள் எதுவும் இல்லாமலே ஆவியாதலை இவ்வளவு தூரம் தள்ள முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

கடலே சேமிப்புக் கலம்

இவ்வளவையும் படித்துவிட்டு, வெப்பச் சேமிப்பு வழியாகக் கடல்நீரைக் குடிநீராக்குவது வீண்வேலை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இருபது ஆண்டுகளாக அப்படித்தான் ஒரு தீவு தண்ணீர் குடிக்கிறது. சேமிப்புப் பொருள்தான் நாம் எதிர்பார்ப்பதல்ல.

சென்னை பள்ளிக்கரணையில் இந்திய அரசின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. அதன் பொறியாளர்கள் 2005ல் லட்சத்தீவுகளின் தலைநகரான கவரத்தியில் ஓர் ஆலையை அமைத்தார்கள். பவளத் தீவு அது. மணலுக்கடியில் மெல்லிய ஏடாக மழைநீர் தங்கியிருக்கும். கொஞ்சம் அதிகமாக இறைத்தால் கீழிருந்து உப்புநீர் ஏறிவிடும். கிட்டத்தட்ட பதினோராயிரம் பேருக்கு அதுவே நீராதாரமாக இருந்தது.

அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலின் மேற்பரப்பு ஆண்டு முழுக்க ஏறத்தாழ 28 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. சூரியன் காலங்காலமாகச் சூடாக்கி வைத்த நீர். கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே கடல் செங்குத்தாக இறங்கிவிடுவதால், 350 மீட்டர் ஆழத்தில் 12, 13 டிகிரி குளிர்ந்த நீர் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. பொறியாளர்கள் செய்தது இதுதான். மேற்பரப்பு நீரை, காற்று பெரும்பாலும் உறிஞ்சி எடுக்கப்பட்ட ஒரு கலத்துக்குள் விட்டார்கள். அழுத்தம் மிகக் குறைந்த இடத்தில் நீர் 28 டிகிரியிலேயே கொதிக்கும். மலையுச்சியில் சோறு சீக்கிரம் வேகாததற்குச் சொல்லும் அதே காரணம், இன்னும் பல மடங்கு தீவிரமாக. எழும் ஆவியை, ஆழத்திலிருந்து குழாயில் கொண்டுவந்த குளிர்நீரால் குளிர வைத்தால் நன்னீர்.

இதில் உள்ளுறை வெப்பத்தை யார் கொடுக்கிறார்கள்? கடல்நீரே கொடுக்கிறது. கலத்துக்குள் வரும் 100 லிட்டரில் ஒரு லிட்டர்தான் ஆவியாகும். மீதி 99 லிட்டரும் ஆறு டிகிரி அளவுக்குக் குளிர்ந்து, அந்த வெப்பத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கடலுக்கே திரும்புகிறது. நீங்களே பெருக்கிப் பாருங்கள்: ஒரு டிகிரிக்கு 4.2 கிலோஜூல், நூறு கிலோ, கணக்கு சரியாக வரும். 100க்கு ஒன்று என்பது மோசமான விகிதமாகத் தோன்றும். ஆனால் கடலில் தண்ணீருக்கும் பஞ்சமில்லை, சேமித்த வெப்பத்துக்கும் பஞ்சமில்லை. இரவில் சூரியன் மறைந்தாலும் கடல் குளிர்ந்துவிடாது. ஆலை 24 மணி நேரமும் ஓடி நாளுக்கு 1,00,000 லிட்டர் தருகிறது. 10 கிலோ மெழுகைத் தொட்டிக்கடியில் வைத்து இரவைச் சமாளிக்கப் பார்க்கும் கருவியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2011ல் மினிக்காய், அகத்தி தீவுகளிலும் இதேபோன்ற ஆலைகள் வந்தன; பிறகு வேறு சில தீவுகளிலும்.

குறை இல்லாமல் இல்லை. நீரேற்றும் பம்புகளுக்கும், கலத்தை வெற்றிடமாக்கும் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். தீவில் மின்சாரம் டீசலில் வருகிறது. அதே வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டே 65 கிலோவாட் மின்சாரம் தயாரித்து ஆலையை ஓட்டும் திட்டமொன்றைக் கழகம் கவரத்தியில் கையிலெடுத்துள்ளது.

இதையே ஏன் சென்னையில் செய்யவில்லை? செய்து பார்த்தார்கள். 2007ல் சென்னைக்கு வெளியே கடலில், மிதவை ஒன்றின்மேல், நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் தரும் சோதனை ஆலை இயங்கியது. ஆனால் அங்கே ஆழ்கடலை எட்ட ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போக வேண்டும். அவ்வளவு தூரம் தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவருவது எளிதல்ல. சென்னை கடைசியில் ஆர்ஓ பக்கமே சாய்ந்தது: மீஞ்சூர், நெம்மேலி, 2024ல் நெம்மேலியில் இரண்டாவது ஆலை. சிங்கப்பூரின் நிலை இன்னும் தெளிவு. நம் நீரிணை ஆழமற்றது. கவரத்தியின் குளிர்நீர் இங்கே எந்த ஆழத்திலும் இல்லை.

இருந்தாலும் அவர்களின் இன்னொரு முயற்சி நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 2009ல் வடசென்னை அனல்மின் நிலையத்தில், குளிரூட்டிவிட்டுச் சூடாக வெளியேறும் கடல்நீரை மேற்பரப்பு நீருக்குப் பதிலாகவும், சாதாரணக் கடல்நீரைக் குளிர்நீருக்குப் பதிலாகவும் வைத்து, அதே முறையில் ஓர் ஆலையை அமைத்தார்கள். ஜூரோங் தீவிலும் துவாசிலும் மின்நிலையங்கள் நாள் முழுதும் இப்படிச் சூடான கடல்நீரை வெளியேற்றுகின்றன. சிங்கப்பூர் இந்தத் திசையில் ஒன்றும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. செனோக்கோ குப்பை எரி ஆலையில் கழிவு வெப்பத்தைக் கொண்டு, சவ்வு வழியாக ஆவியை மட்டும் கடத்தி நன்னீர் எடுக்கும் சோதனை 2006 வாக்கிலேயே நடந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இங் கிம் சூன் குழுவினர், புதுக் காலணிப் பெட்டியில் இருக்குமே, அந்தச் சிலிக்கா ஜெல்லைக் கொண்டு ஆவியை உறிஞ்சியும் விடுவித்தும் நன்னீர் எடுக்கும் முறையை வளர்த்தார்கள். அதற்கு 50 முதல் 85 டிகிரி வெப்பம் போதும். சூரிய வெப்பத்துக்கும் கழிவு வெப்பத்துக்கும் பொருத்தமான அளவு அது. பேராசிரியர் பின்னர் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்திற்குச் சென்று அதைத் தொடர்ந்தார்.

எதைச் சேமிப்பது?

சிங்கப்பூர் எதைச் சேமிக்கிறது? தண்ணீரையே சேமிக்கிறது. மரீனா ஈஸ்ட் ஆலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மழை பெய்து மரீனா நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்போது அது நீர்த்தேக்க நீரைச் சுத்திகரிக்கிறது; அதற்குக் குறைந்த ஆற்றல் போதும். வறட்சியில் கடல்நீருக்கு மாறுகிறது. 2021ல் தெங்கே நீர்த்தேக்கத்தில் மிதக்கவிடப்பட்ட 60 மெகாவாட் சூரியத் தகடுகள் கழகத்தின் ஆண்டு எரிசக்தித் தேவையில் சுமார் 7 விழுக்காட்டை ஈடுசெய்கின்றன.

வெயில் இருக்கும்போது மட்டும் உப்பைப் பிரித்து, நீரைத் தொட்டியில் நிரப்பி வைப்பதற்கு எந்த மெழுகும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். 2024ல் எம்ஐடி குழு ஒன்று இதையே செய்தது. நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோவில் உவர்நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கும் அவர்களின் கருவி, மேகம் மறைத்தால் வேகத்தைக் குறைத்தும் வெயில் வந்தால் கூட்டியும் தானே சரிசெய்துகொள்கிறது. தகடுகள் தந்த மின்சாரத்தில் 94 விழுக்காட்டை அப்படியே பயன்படுத்தி நாளுக்கு 5,000 லிட்டர் வரை தந்தது. மேகம் வந்து வந்து போகும் சிங்கப்பூருக்கு இந்தச் சிந்தனை பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் வெப்பத்துக்கு எங்கேயும் இடமில்லையா? இரண்டு இடங்களில் ஆர்ஓ தடுமாறுகிறது. ஒன்று, மின்சாரமும் பழுதுபார்க்கும் ஆளும் எளிதில் கிடைக்காத கடலோரச் சிற்றூர். ராமநாதபுரம் மாவட்டத்தில் நரிப்பையூர் என்ற ஊருக்காகச் சென்னை ஐஐடியும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து சூரிய வெப்பத்தில் இயங்கும் முன்னோக்குச் சவ்வூடுபரவல் ஆலையைச் சில ஆண்டுகளுக்கு முன் அமைத்தன. ஆர்ஓவுக்கு 50 பார் அழுத்தம் தேவைப்படும் இடத்தில் அதற்கு 2 பார் போதும். நாளுக்கு 20,000 லிட்டர். பத்தாயிரம் பேருக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர். டக்ஸ்டன் கணக்கில் வந்த அதே இரண்டு லிட்டர். நமக்கு அது போதாது. குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கும் ஊருக்கு அந்த இரண்டு லிட்டரின் மதிப்பே வேறு.

இரண்டாவது, ஆர்ஓ ஆலை கழித்துவிடும் அடர் உப்புநீர். கடல்நீரைப் போல இரு மடங்கு உப்பு ஏறிய பிறகு அழுத்தம் மிக அதிகமாகிச் சவ்வு தாங்காது. வெப்பத்துக்கு அந்தத் தடை பெரிதல்ல. அந்த அடர் உப்புநீரையே சேமிப்புப் பொருளாகவும் ஆக்கலாம். அடியில் அடர்ந்த உப்புநீர், மேலே நன்னீர் என அடுக்கி வைத்த குளத்தில் அடியில் சேரும் வெப்பம் மேலே ஏறி வெளியேற முடியாது. கனத்த நீர் கீழேயே தங்கி 80 டிகிரிக்கும் சூடாகும். குஜராத்தின் புஜ் நகரில் 6,000 சதுர மீட்டரில் அப்படி ஒரு சூரியக் குளம் பால் பண்ணைக்குச் சுடுநீர் தந்தது. அமெரிக்காவின் எல் பாசோவில் அதைக் கொண்டு உப்பகற்றியும் பார்த்தார்கள். மெழுகைவிட மலிவான சேமிப்புப் பொருள்; நிலம்தான் நிறைய வேண்டும். சிங்கப்பூரில் இல்லாததும் அதுதான்.

பள்ளிச் செயல்திட்டத்துக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டுப் பணிக்கோ சூரிய வடிகலனைத் தேர்ந்தெடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிட வேண்டாம். ஒரே அளவில் மூன்று தொட்டிகள் செய்யுங்கள். ஒன்றில் மெழுகு, இன்னொன்றில் மெழுகின் எடைக்குச் சமமான கூடுதல் தண்ணீர், மூன்றாவதில் எதுவும் வேண்டாம். மூன்றையும் ஒரே கூரையில் ஒரே நாளில் வைத்து, மாலையில் நிறுத்திவிடாமல் மறுநாள் காலை வரை மணிக்கு ஒருமுறை நீரை அளவெடுங்கள். நீரின் வெப்பநிலையையும் கண்ணாடியின் வெப்பநிலையையும் தனித்தனியே எழுதுங்கள். மேகமூட்டமான நாளின் அளவுகளைக் கழித்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் அவைதான் பெரும்பாலான நாட்கள். அன்று மெழுகு உருகியதா இல்லையா என்பதையும் மறக்காமல் குறித்துவையுங்கள்.